நான்கா, மூன்றா: ஒரு சூதாட்ட மேசை உருவாகும் விதம்

மங்காத்தா ஆடாதவர்கள்கூட யாராவது ஆடிப் பார்த்திருப்பார்கள். கட்டை வெட்டி ஒரு சீட்டை நடுவில் திருப்பிப் போடுவார்கள். பிறகு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிச் சீட்டு விழும். நடுச்சீட்டின் எண் மறுபடி எந்தப் பக்கம் முதலில் வருகிறதோ, அந்தப் பக்கம் பணம் வைத்தவர் ஜெயித்தார். வைத்ததற்குச் சமமாகப் பணம். பொங்கல் விடுமுறையில் தோப்புக்குள் வட்டம் கட்டி உட்கார்ந்து ஆடும் எவரைக் கேட்டாலும் இது சரிபாதி ஆட்டம் என்றுதான் சொல்வார்.

சரிபாதி இல்லை. நடுச்சீட்டு போக மீதி 51 சீட்டு. அவற்றில் அதே எண் உள்ளவை மூன்று. அந்த மூன்றும் 51 இடங்களில் எப்படியெல்லாம் உட்காரலாம் என்று எண்ணினால் 20,825 வழிகள் வருகின்றன. அதில் முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி தருபவை 10,725. அதாவது 51.5 சதவீதம். அந்தப் பக்கம் எப்போதும் ஒரு சீட்டு முன்னால் ஓடுகிறது, அதனால்தான் இந்த மிச்சம்.

கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோக் கப்பல்களில் இதே ஆட்டம் ‘அந்தர் பாஹர்’ என்ற பெயரில் நடக்கிறது. அங்கே இது சட்டப்படி நடக்கும் மேசை. நம் ஊரில் பொது இடத்தில் பணம் வைத்து ஆடினால் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பாயும். கேசினோ மேசைகளில் இதற்கு வழக்கமான ஓர் ஏற்பாடு உண்டு: முதல் சீட்டு விழும் பக்கம் ஜெயித்தால் 100 ரூபாய்க்கு 90 ரூபாய்தான் கொடுப்பார்கள், மறுபக்கம் ஜெயித்தால் 100க்கு 100. கணக்குப் போட்டால் முதல் பக்கத்தில் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 15 காசும், மறுபக்கத்தில் 3 ரூபாயும் மேசைக்குச் சேரும்.

யார் கண்டுபிடித்தார் என்று தெரியாத ஒரு மரத்தடி ஆட்டம் கேசினோ மேசைக்கு ஏற ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதுமாக இருந்தது. விதி எல்லோருக்கும் பொது. அது யாருடைய சொத்தும் இல்லை. எண்ணும், அந்த எண்ணைத் தாங்கி நிற்கும் துணியும் சீட்டும் பெட்டியும்தான் வியாபாரம். புதிய மேசை ஆட்டம் ஒன்றைத் தாமே உருவாக்கி விற்க நினைத்தவர்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்த முடிவுக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து சேர்கிறேன். அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘த்ரீ கார்டு போக்கர்’ பிறந்த கதை.

அதை உருவாக்கியவர் டெரெக் வெப். பிரிட்டனைச் சேர்ந்தவர், போக்கர் ஆடிப் பழகியவர். போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் மோதுகிறார்கள்; கேசினோவுக்கு இடம் கொடுத்ததற்கான பங்கு மட்டுமே கிடைக்கும். ஒரு கை முடியவும் நேரம் ஆகும். போக்கரின் சுவை கெடாமல், பிளாக்ஜாக் போல ஆட்டக்காரர் நேராக டீலரோடு மோதுகிற, சட்டென்று முடிகிற ஆட்டம் ஒன்றை 1994இல் அவர் வடிவமைத்தார். ஐந்து சீட்டுக்குப் பதில் மூன்று. பிரிட்டனில் ‘பிராக்’ என்று பல தலைமுறையாக மூன்று சீட்டு ஆட்டம் உண்டு. வட இந்தியாவில் தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு ஆடும் ‘தீன் பத்தி’ அதன் உறவுதான்.

மூன்று சீட்டு என்று முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணுவது. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். அவற்றில் மூன்றும் ஒரே எண்ணாக வருவது 52 வழிகளில். அடுத்தடுத்த எண்களாக, ஒரே இனத்தில் வருவது 48. இனம் கலந்த வரிசை எத்தனை? ஏஸ்-இரண்டு-மூன்றில் தொடங்கி ராணி-ராஜா-ஏஸ் வரை 12 வரிசைகள். ஒவ்வொன்றிலும் மூன்று சீட்டுக்கும் நான்கு நான்கு இனம் என்றால் 64 வழிகள், பெருக்கினால் 768. ஒரே இனத்து 48ஐக் கழித்தால் 720. இனி ‘கலர்’, அதாவது மூன்றும் ஒரே இனம், ஆனால் வரிசை இல்லை: ஓர் இனத்தின் 13 சீட்டில் மூன்றை எடுக்க 286 வழிகள், நான்கு இனத்துக்கு 1,144, அதிலும் 48 போக 1,096. ஜோடி 3,744. எதுவும் சேராமல் வெறும் பெரிய சீட்டை நம்பி நிற்பது 16,440.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து சீட்டுப் போக்கரில் கலர் 5,108 வழிகளில் வரும், வரிசை 10,200 வழிகளில் வரும். அதனால் அங்கே கலர் உசத்தி. மூன்று சீட்டில் வரிசை 720, கலர் 1,096. அரிதானது வரிசைதான், ஆகவே இங்கே அதுதான் உசத்தி. தீன் பத்தி ஆடும் எந்த வீட்டிலும் வரிசை கலரை அடிக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். இந்தப் பெருக்கல்களை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஆட்டங்களை எத்தனையோ தலைமுறை கைகள் ஆடி ஆடித் தேய்த்து, சரியான விடைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. தனியாக உட்கார்ந்து புது ஆட்டம் செய்பவருக்கு அத்தனை தலைமுறைகள் கிடையாது. அவர் காகிதத்தில் எண்ணித்தான் அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

எண்ணி முடித்தபின் வருவது பட்டுவாடாப் பட்டியல்: எந்தக் கைக்கு எத்தனை மடங்கு. வெப் உருவாக்கிய மேசையில் ‘பேர் பிளஸ்’ என்றொரு கட்டம் உண்டு. டீலரைப் பற்றிக் கவலையே இல்லை. உங்கள் மூன்று சீட்டில் ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் பணம். பரவலாக அறியப்பட்ட ஒரு பட்டியல் இது: ஒரே இனத்து வரிசைக்கு 40 மடங்கு, மூன்றும் ஒன்றானால் 30, வரிசைக்கு 6, கலருக்கு 4, ஜோடிக்கு 1. நடக்கக்கூடிய 22,100 கைக்கும் ஒவ்வொரு ரூபாய் வைத்ததாக நினைத்துக்கொள்வோம். முதல் வகையில் 48ஐ 40ஆல் பெருக்கினால் 1,920 ரூபாய் வரவு. அடுத்து 1,560. வரிசையில் 4,320. கலரில் 4,384. ஜோடியில் 3,744. மொத்தம் 15,928. கையில் எதுவும் சேராமல் இழந்தது 16,440. வித்தியாசம் 512 ரூபாய். அதை 22,100ஆல் வகுத்தால் 2.32 சதவீதம். மேசையின் சாதகம் அவ்வளவுதான்.

இப்போது கலருக்கு எதிரே உள்ள 4ஐ அழித்துவிட்டு 3 என்று எழுதுங்கள். வரவில் 1,096 குறைகிறது, மொத்தம் 14,832. வித்தியாசம் 1,608 ரூபாய். சாதகம் 7.28 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல்.

மேசை அதே மேசை, சீட்டு அதே சீட்டு, டீலரின் சிரிப்பும் அதேதான். துணியில் அச்சிட்ட ஒற்றை இலக்கம் மாறியிருக்கிறது. இரண்டு பட்டியலும் உண்மையில் கேசினோக்களில் புழங்கியவை. மேசையில் உட்கார்ந்த ஆட்டக்காரர் எத்தனை நாள் ஆடினாலும் அந்த வித்தியாசத்தை உடம்பால் உணர முடியாது. கலர் வருவதே இருபது கைக்கு ஒருமுறைதான். புது ஆட்டம் செய்பவரின் நேர்மை இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது என்று நான் நினைக்கிறேன். பட்டியல் துணியில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி அச்சாகி இருந்தால், எண்ணத் தெரிந்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். அந்த வாய்ப்பையாவது ஆட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டும்.

ஆட்டத்தின் முதன்மைக் கட்டம் இன்னும் நுட்பமானது. முதலில் ‘ஆன்ட்டி’ என்ற முன்பணம். மூன்று சீட்டைப் பார்த்தபின் அதே அளவு இன்னொரு பங்கு வைத்து டீலரோடு மோதலாம். அல்லது ரம்மியில் ‘ஸ்கூட்’ என்பதுபோல முன்பணத்தை விட்டுவிட்டு விலகலாம். டீலரிடம் ராணியோ அதற்கு மேலோ இல்லையென்றால் அவர் கை தகுதி பெறாது. அப்போது முன்பணத்துக்கு மட்டும் சமமாகப் பணம் கிடைக்கும். இரண்டாவது பங்கு ஜெயிக்காமல் தோற்காமல் அப்படியே திரும்பும். ராணிக்குக் கீழே முடியும் கைகள் 6,720, அதாவது 30 சதவீதத்துக்குச் சற்று மேல். மேசையின் லாபத்தில் பெரும்பகுதி இந்த விதிக்குள்தான் இருக்கிறது. கையில் அருமையான சீட்டோடு இரண்டு பங்கு வைத்துக் காத்திருப்பவருக்குப் பத்தில் மூன்று தடவை ஒரு பங்குக்குத்தான் பணம் வரும். ஆனால் அதே விதி, ஒன்றுமில்லாத கையோடு துணிந்து நின்றவருக்கும் பணம் வாங்கிக் கொடுக்கிறது. இழப்பும் இனிப்பும் ஒரே விதியில் பின்னியிருப்பதால் ஆட்டக்காரருக்கு அது பறிப்பதாகத் தெரிவதில்லை. ராணி-ஆறு-நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆடு, இல்லாவிட்டால் விலகு என்பதே சரியான உத்தி. அதன்படி ஆடினால் முன்பணத்தில் மேசைக்குச் சேர்வது சுமார் 3.37 சதவீதம். ஒரு வரியில் கற்றுக்கொள்ளக்கூடிய உத்தி இருப்பதும் வடிவமைப்பின் வெற்றிதான். கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும் ஆட்டத்தில் புதியவர்கள் உட்கார மாட்டார்கள்.

சாதகம் ஒன்றை வைத்துக் கேசினோ ஓர் ஆட்டத்தை வாங்குவதில்லை. சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை கை, சாதகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் அவர்கள் பார்க்கும் எண். டீலர் நின்று சீட்டைக் கலைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பெருக்கலில் ஓட்டை. ஆட்டத்தின் கதையில் கருவிகள் நுழைவது இந்த நேரத்தின் வழியாகத்தான்.

ஷஃபிள் மாஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் பிரீடிங் லாரி ஓட்டியவர். 1983இல் மின்னசோட்டாவில் நிறுவனத்தைத் தொடங்கி, சீட்டுக் கலைக்கும் எந்திரத்தைக் கேசினோவுக்குள் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அவர் எந்திரம் ஒற்றைக் கட்டைக் கலைப்பது. ஒற்றைக் கட்டில் ஓயாமல் ஆடும் மேசைகளோ அப்போது குறைவு. எனவே எந்திரத்துக்கு வேலை கொடுக்க ஓர் ஆட்டத்தையே உருவாக்கினார். 1993இல் வந்த ‘லெட் இட் ரைடு’ அதுதான். மூன்று பங்காகப் பணம் வைத்து, சீட்டு திறக்கத் திறக்க இரண்டு பங்கை விருப்பப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வைத்த பணத்தைத் திரும்ப எடுக்க விடும் ஆட்டம் என்பதால் மக்களுக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைத்த கட்டு தேவை; கையால் கலைத்தால் ஆட்டம் நொண்டும். எந்திரத்தை விற்கப் பிறந்த ஆட்டம், எந்திரத்தையும் இழுத்துக்கொண்டு நாடெங்கும் போனது.

இன்றைய த்ரீ கார்டு போக்கர் மேசையில் பின்பக்க நிறம் வேறுபட்ட இரண்டு கட்டுகள் இருக்கும். ஒன்று ஆட்டத்தில் இருக்கையில் மற்றது எந்திரத்துக்குள் கலைந்துகொண்டிருக்கும். எந்திரமே மூன்று மூன்று சீட்டாகப் பிரித்துத் தள்ளும். டீலர் எடுத்து நகர்த்தினால் போதும். வெப்பின் ஆட்டம் மிசிசிப்பி மாநிலத்தில் கல்ஃப்போர்ட்டில் இருந்த கிராண்ட் கேசினோவில் காலூன்றி வளர்ந்தது. 1999இல் அதன் அமெரிக்க உரிமையை ஷஃபிள் மாஸ்டர் வாங்கியது தற்செயல் இல்லை. கலைக்கும் எந்திரம் வைத்திருந்த நிறுவனத்துக்கு, எந்திரத்தை நம்பி ஓடும் ஆட்டம் வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் பிறகு பாலி டெக்னாலஜிஸ் கைக்கும், அங்கிருந்து சயன்டிஃபிக் கேம்ஸ் கைக்கும் போய், இன்று லைட் அண்ட் வொண்டர் என்ற பெயரில் இருக்கிறது.

கருவி வாங்கப் புறப்படும் புதியவருக்கு முதலில் தெரிய வேண்டியது மேசையின் உருவம். பிளாக்ஜாக் மேசை அரைவட்டம். டீலருக்கு எதிரே ஏழு பேர்வரை உட்காரலாம். கேசினோக்களிடம் ஏற்கெனவே வரிசையாக இருப்பது அதுதான். புது ஆட்டம் அந்த மேசையில், துணியை மட்டும் மாற்றிப் போட்டு ஆடக்கூடியதாக இருந்தால் மேலாளர் கொஞ்சம் காது கொடுப்பார். தனி உருவத்தில் மரமேசை செய்ய வேண்டும் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சிப் தட்டு, மேசைக்கு அடியில் பூட்டிய பணப்பெட்டி, அதற்குள் நோட்டைத் தள்ளும் பட்டைத் துளை, ஆடி முடித்த சீட்டை வைக்கும் கூண்டு எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மாற்ற வேண்டியது துணி. முன்பு கம்பளித் துணி. இப்போது பெரும்பாலும் செயற்கை இழைத் துணியில் சாயத்தைச் சூட்டால் ஏற்றி அச்சிடுகிறார்கள். கட்டங்கள், ஆட்டத்தின் பெயர், பட்டுவாடாப் பட்டியல் எல்லாம் அதில் வந்துவிடும். அந்தத் துணியே ஆட்டத்தின் சாசனம். தகராறு வந்தால் மேற்பார்வையாளர் விரல் வைத்துக் காட்டுவது அதைத்தான். வடிவமைப்பவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காகிதத்தில் கட்டம் வரைந்து நூறு தடவை ஆடிப் பார்த்துவிட்டு, பிறகுதான் துணிக்குப் பணம் செலவழிக்க வேண்டும். கட்டங்கள் கை எட்டாத தூரத்தில் இருக்கின்றன, சிப்புகள் பக்கத்துக் கட்டத்துக்குச் சரிகின்றன, டீலர் குறுக்கே கை நீட்டும்போது சீட்டு மறைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சிப் கதை வேறு. அது பணத்துக்குச் சமம் என்பதால் உண்மையான கேசினோ சிப்பைக் கடையில் வாங்க முடியாது. கேசினோவின் பெயரோடு, ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தந்த வடிவத்தில், உரிமம் பெற்ற இடத்துக்கு மட்டுமே தயாரித்துக் கொடுப்பார்கள். இந்தத் தொழிலில் உலகப் பெயர் சிலதுதான். அமெரிக்காவின் பால்சன், பட் ஜோன்ஸ், பிரான்ஸில் திராட்சை மதுவுக்குப் பேர்போன போன் நகரத்தின் பூர்கோன் எ கிராசே ஆகியவை ஒன்றாகி கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் ஆயின. 2019இல் அதை ஜப்பானின் ஏஞ்சல் நிறுவனம் வாங்கியது. சீட்டுக்கட்டு உலகிலும் இதே போக்கு. சின்சினாட்டியில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு நிறுவனம், அதே 2019இல் பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி கைக்குப் போனது. புதிதாக வருபவர் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பது இந்தச் சிலர்தான்.

கலைக்கும் எந்திரத்தில் இந்த நெருக்கடி நீதிமன்றம்வரை போனது. ஷஃபிள் டெக் என்ற சிறு நிறுவனமும் சிலரும் தொடுத்த வழக்கில், சயன்டிஃபிக் கேம்ஸ் தரப்பு முறைகேடாகப் பெற்ற காப்புரிமைகளை வைத்துப் போட்டியாளர்களைச் சந்தைக்குள் வரவிடாமல் தடுத்தது என்று 2018இல் சிகாகோவில் ஜூரி தீர்ப்பளித்தது. இழப்பீடு 105 மில்லியன் டாலர். ஏகபோகத் தடுப்புச் சட்டப்படி அது மும்மடங்காகி 315 மில்லியன் ஆனது. பின்னர் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. ஒரு கட்டு சீட்டைக் கலைக்கும் பெட்டிக்குள் எத்தனை பணம் புரள்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கருவியின் சிறு பிழை ஓர் ஆட்டத்தின் கணக்கையே தலைகீழாக்கும் என்பதை 2012இல் உலகம் பார்த்தது. ஃபில் ஐவி பெயர்பெற்ற போக்கர் ஆட்டக்காரர். அந்த ஆகஸ்டில் லண்டன் க்ராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில், சுங் யின் சன் என்ற தோழியோடு ‘புன்ட்டோ பாங்கோ’ என்ற சீட்டாட்டம் ஆடி 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். அதில் ஆட்டக்காரரின் திறமைக்கு இடமே இல்லை. அவர்கள் பார்த்தது சீட்டின் பின்பக்கத்தை.

ஓரத்தில் வெள்ளைக் கரை விடாமல் விளிம்புவரை கோலம் ஓடும் சீட்டு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். தொழிற்சாலையில் வெட்டும்போது கத்தி மயிரிழை தள்ளி இறங்கினால், ஒரு நீள விளிம்பில் வைரக் கட்டம் பாதியாக நிற்கும். எதிர் விளிம்பில் கீற்றாகத்தான் தெரியும். சீட்டைத் தலைகீழாகத் திருப்பினால் பாதியும் கீற்றும் இடம் மாறும். இந்த ஆட்டத்தில் முக்கியமானவை 7, 8, 9. அவை திறந்ததும் ‘ராசியான சீட்டு, திருப்பி வையுங்கள்’ என்று சன் டீலரிடம் கேட்டுக்கொண்டார். மற்றவற்றை அப்படியே வைக்கச் சொன்னார். டீலருக்கு அது வாடிக்கையாளரின் மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. ஒருமுறை எல்லாச் சீட்டும் கடந்து போனபின், மூடிய சீட்டின் விளிம்பைப் பார்த்தாலே அது பெரியதா சிறியதா என்று தெரிந்துவிடும். அதே சீட்டுகளைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும், எந்திரத்தால்தான் கலைக்க வேண்டும் என்பவையும் அவர்கள் தரப்பின் தேவை. கையால் கலைப்பவர் கட்டைப் பிரித்து ஒரு பாதியைத் திருப்பிவிடக்கூடும். எந்திரம் சீட்டின் வரிசையை மாற்றும், திசையை மாற்றாது. மோசடியைத் தடுக்க வந்த கருவியே இங்கே மோசடிக்குத் துணை நின்றது.

கேசினோ பணத்தைத் தரவில்லை. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய், 2017 அக்டோபரில் ஐவி செய்தது ஏமாற்றுதான் என்று முடிந்தது. அட்லாண்டிக் சிட்டியின் போர்காட்டாவிலும் அதே 2012இல் அவர் அதே முறையில் 96 லட்சம் டாலர் ஜெயித்திருந்தார். அங்கே கெமாகோ நிறுவனத்தின் சீட்டு. அதையும் திருப்பித் தர நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. புது ஆட்டத்துக்குச் சீட்டு தேர்ந்தெடுப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிய விஷயம்: பின்பக்கம் வெள்ளைக் கரையோடு இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியட்டும், ஒரு சுற்று கலைப்பிலாவது கட்டின் ஒரு பாதி திசை மாறட்டும். டீலர் சீட்டை எந்திரத்திலிருந்து எடுக்கும்போது அடிச்சீட்டு எதிரே இருப்பவர் கண்ணுக்குப் படாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். த்ரீ கார்டு போக்கரில் டீலரின் ஒரே ஒரு சீட்டை எட்டிப் பார்த்துவிட்டால் சாதகம் ஆட்டக்காரர் பக்கம் சாய்ந்துவிடும்.

எந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சில கலைக்கும் எந்திரங்களுக்குள், கட்டு முழுதாக இருக்கிறதா என்று சரிபார்க்கச் சிறு கேமரா உண்டு. அந்தக் கேமராவுக்குச் சீட்டின் வரிசை தெரியும். வெளியே உள்ள யூ.எஸ்.பி. துளை வழியாக அந்த வரிசையை எடுத்துவிடலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023இல் லாஸ் வேகஸ் மாநாட்டில் செய்தே காட்டினார்கள். இரண்டே ஆண்டில், மாற்றியமைத்த எந்திரங்களால் தனியார் போக்கர் ஆட்டங்களில் பணம் பறித்ததாக நியூயார்க்கில் கூட்டரசு வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள்.

இத்தனை பாடுபட்டு ஆட்டத்தைச் செய்தவருக்கு அது சொந்தமா? லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பெல் கார்டு கிளப் நடத்திய சாம் டொரோசியன் 1985இல் ‘பை கவ் போக்கர்’ ஆட்டத்தை உருவாக்கினார். சீனர்களின் பழைய ஓடு ஆட்டத்தைச் சீட்டுக்கு மாற்றிய அழகான யோசனை. சாதாரணச் சீட்டுக்கட்டில் ஆடுவதற்குக் காப்புரிமை கிடைக்காது என்று ஆலோசனை சொன்னார்கள்; நம்பி விட்டுவிட்டார். இன்று அமெரிக்காவில் அந்த மேசை இல்லாத பெரிய கேசினோ அரிது. அவருக்கு அதிலிருந்து உரிமப் பணம் வரவில்லை. போக்கர் நூல்களால் பெயர்பெற்ற டேவிட் ஸ்க்லான்ஸ்கியும், ‘கரீபியன் ஸ்டட்’ ஆட்டத்தின் கரு 1982இல் தாம் செய்ததுதான் என்றும், அப்போது காப்புரிமை எடுக்க முடியவில்லை என்றும் சொல்கிறார். 1990களில் காற்று மாறியது. ஆட்டமுறைகளுக்கு அமெரிக்கா தாராளமாகக் காப்புரிமை கொடுத்தது. வெப்புக்கு 1997இல் கிடைத்தது. அவர் சொந்த நாட்டின் 1977ஆம் ஆண்டுச் சட்டமோ விளையாட்டு விதியைக் காப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. நம் நாட்டிலும் அதே நிலைதான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு, விளையாட்டை ஆடும் முறை ஒரு கண்டுபிடிப்பே அல்ல என்கிறது.

அமெரிக்கக் கதவும் பிறகு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது. 2016இல் ஸ்மித் வழக்கில், சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்து ஆடும் புதிய பிளாக்ஜாக் விதிகள் வெறும் கருத்து மட்டுமே என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முற்றிலும் புதிய சீட்டுக்கட்டோடு வந்தால் பார்க்கலாம் என்று ஓர் இடுக்கை மட்டும் விட்டுவைத்தது. அந்த இடுக்கு வழியாக 2018இல், சில முகங்களில் மட்டும் குறியிட்ட தாயக்கட்டைகளோடு இன்னொருவர் வந்தார். கட்டையில் குறி அச்சிட்டால் மட்டும் போதாது என்று அவரையும் நீதிமன்றம் திருப்பியனுப்பியது. ஆகவே இன்று புது ஆட்டம் செய்பவர் நம்பியிருப்பது ஆட்டத்தின் பெயர், துணியின் ஓவியம், மாத வாடகைக்குப் போகும் எந்திரம் இவற்றைத்தான். விதியை யாரும் எடுத்து ஆடலாம். மங்காத்தாவுக்கு உள்ள அதே நிலை.

இந்தக் குறுகிய வழியிலும் நெவாடா போன்ற இடங்களில் முறை கறாராக இருக்கிறது: எழுதிய விதிகள், சார்பற்ற சோதனைக்கூடம் தந்த கணித அறிக்கை, ஒரு கேசினோவில் கண்காணிப்போடு வெள்ளோட்டம், அதற்குப் பிறகே ஒப்புதல். நான் மேலே போட்ட 22,100 கையின் கணக்கை அந்தச் சோதனைக்கூடம் ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டுப் பார்க்கும்.

டெரெக் வெப் பிற்பாடு செய்த வேலைதான் அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது. பிரிட்டன் தெருக்களில் உள்ள பந்தயக் கடைகளில், கடைக்கு நான்குவரை, தொடுதிரை ரூலெட் எந்திரங்கள் வைக்க அனுமதி இருந்தது. ஒரு சுழற்சிக்கு 100 பவுண்டுவரை வைக்கலாம். 20 விநாடிக்கு ஒரு சுழற்சி. அவற்றுக்கு எதிராக வெப் தம் சொந்தப் பணத்தில் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தினார். மணிக்கு எத்தனை கை என்ற பெருக்கலை வாழ்நாள் முழுதும் போட்டவருக்கு அந்த எந்திரத்தின் ஆபத்து மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு 180 சுழற்சி, சுழற்சிக்கு 100 பவுண்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 18,000 பவுண்டு பந்தயம். ஒற்றைச் சுழி ரூலெட்டின் சாதகம் 2.7 சதவீதம். சராசரி இழப்பு மணிக்கு 486 பவுண்டு. கலைக்க நிற்கும் டீலர் இல்லை, சீட்டை வெட்டும் இடைவெளி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை.

2019 ஏப்ரல் 1 அன்று அரசு அந்த உச்சவரம்பை 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைத்தது. சுழலும் வேகம் மாறவில்லை, 2.7 சதவீதமும் மாறவில்லை. பந்தயத்தின் அளவு மட்டும் மாறியது. அதே கணக்கில் ஒரு மணி நேரத்து இழப்பு இப்போது 10 பவுண்டுக்கும் கீழே.